எஃகு ஃபிரேம் கொண்ட பாக்கெட் பிஸ்டல்கள்: ஒப்பிட்டுப் பார்க்கவும் சேகரிக்கவும் முழுமையான வழிகாட்டி

கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையில் வால்தர் பிபிகே, மறு கையில் ஹங்கேரியின் ஃபெக் பிஏ-63 வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே குடும்பத்து வடிவம். ஆனால் முதலாவது உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும். இரண்டாவதில் மேல்பகுதி மட்டும் கனத்து, கீழே ஏதோ குறைவது போல இருக்கும். முதலாவதன் ஃபிரேம், அதாவது பிடியோடு சேர்ந்த கீழ்ச்சட்டம், எஃகு; இரண்டாவதன் ஃபிரேம் அலுமினியம். அந்த வித்தியாசம் கைக்குப் பிடிபட்டுவிட்டால் இந்தச் சேகரிப்பில் பாதி வழி வந்துவிட்டீர்கள் என்பேன்.

சின்னப் பிஸ்டல்களைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பெயரைப் பார்த்து வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், ஏமாந்தேன். இந்தத் துறையில் மதிப்பு இருப்பது பெயரில் அல்ல, தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்த மேற்பரப்பு எந்த அளவுக்கு அப்படியே இருக்கிறது என்பதில்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் அதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வதற்காகத்தான்.

படி 1: உரிமம்

பிஸ்டலைத் தேடும் முன் சட்டத்தைப் படியுங்கள். எந்தக் காலிபர் (தோட்டாவின் அளவு) அனுமதி, எத்தனை வைத்திருக்கலாம், பழையவற்றுக்குத் தனி விதி உண்டா, கைமாறும்போது யாரிடம் பதிவு செய்ய வேண்டும், எப்படிப் பூட்டி வைக்க வேண்டும் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். எல்லை தாண்டி வாங்கினால் இரண்டு பக்கச் சட்டமும் பொருந்தும். காகிதம் சரியில்லாத பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள். சீரியல் எண் அழிக்கப்பட்டிருந்தால் பேச்சையே அங்கே நிறுத்திவிடுங்கள்.

படி 2: தோட்டா அகற்றும் ஒழுங்கு

பிஸ்டலைக் கையில் வாங்கியதும், கொடுத்தவர் காலி என்று சொல்லியிருந்தாலும், குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி விரலை டிரிகரிலிருந்து விலக்கி வையுங்கள். முதலில் மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை, கழற்றுங்கள். அப்புறம் மேலே நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்து, தோட்டா உட்காரும் அறையான சேம்பரை வெளிச்சத்தில் கண்ணால் பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்துவிட்டால் அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும். மேகசினைக் கழற்றிவிட்டால் போதும் என்று நினைப்பதும் தப்பு, சேம்பரில் ஒன்று மிச்சம் இருக்கலாம்.

பழைய பாக்கெட் பிஸ்டல்களில் இது இன்னும் முக்கியம். எஃப்.என். 1906, கோல்ட் வெஸ்ட் பாக்கெட் போன்றவற்றில் சுத்தியல் கிடையாது, ஸ்பிரிங் விசையில் நேரே பாய்ந்து தோட்டாவைத் தட்டும் ஊசியான ஸ்ட்ரைக்கர்தான் உள்ளே. வெளியிலிருந்து பார்த்தால் இழுபட்டிருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அனுமதி கேட்காமல் வெறுமனே டிரிகரை அழுத்திப் பார்க்கவும் கூடாது. நூறு வருஷத்துப் பழைய ஸ்ட்ரைக்கர் முனை அதில் உடைந்துபோகலாம்.

படி 3: உண்மையில் எஃகுதானா?

சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடு பெரும்பாலும் எஃகுதான், அங்கே ஒட்டிப் பார்ப்பதில் பயனில்லை. மேகசினும் எஃகு, அது உள்ளே இருந்தால் பிடிப்பகுதியிலும் காந்தம் இழுக்கும். ஆகவே மேகசினைக் கழற்றிவிட்டு, டிரிகரைச் சுற்றியுள்ள வளையத்துக்குப் பின்னால், பிடியின் முன்பக்கத் தகட்டில் ஒட்டிப் பாருங்கள். சட்டென்று ஒட்டினால் எஃகு. வழுக்கி விழுந்தால் அலுமினியமோ துத்தநாகக் கலவையோ ஆக இருக்கும். துருப்பிடிக்காத எஃகில் சில வகைகளைக் காந்தம் இழுக்காது. ஆனால் பிஸ்டல்களுக்குப் பயன்படும் வகைகள் பெரும்பாலும் இழுக்கும்.

ஒரே பெயரில் இரண்டு உலோகமும் வரும் மாடல்களில்தான் குழப்பம். கோல்ட் மஸ்டாங் எஃகு ஃபிரேம், அதன் தம்பி மஸ்டாங் பாக்கெட்லைட் அலுமினியம். சிக் சாவர் பி230 சாதாரண வடிவில் அலுமினியம், துருப்பிடிக்காத வடிவில் எஃகு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வால்தர் பிபி, பிபிகே இரண்டிலும் டியூராலுமின் (அலுமினியக் கலவை) ஃபிரேம் கொண்டவை கொஞ்சம் உண்டு. எஃகு மட்டும் சேர்ப்பவருக்கு அவை வெளியே, வால்தர் மட்டும் சேர்ப்பவருக்கு அவை பொக்கிஷம். நீங்கள் எந்த வகை என்று முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள்.

படி 4: குடும்பங்களை அறிதல்

இந்தப் பிஸ்டல்களில் பெரும்பகுதி ஒரு சில மூதாதையரிடமிருந்து வந்தவை. மூதாதையரைத் தெரிந்துகொண்டால் பேரப்பிள்ளைகளை அடையாளம் காண்பது எளிது.

முதல் குடும்பம் அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங்குடையது. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் அவர் வடிவமைத்த 6.35 மி.மீ. பிஸ்டலை 1906 வாக்கில் கொண்டுவந்தது. அதையே கோல்ட் நிறுவனம் 1908-ல் வெஸ்ட் பாக்கெட் என்று விற்றது. 4 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், 1948 வரை ஓடியது. 1931-ல் எஃப்.என். வடிவமைப்பாளர் டியூடோனே சைவ் அதை இன்னும் சுருக்கி பேபி பிரௌனிங் ஆக்கினார். இரண்டையும் பிரித்தறிய பிடியின் பின்பக்கத்தைப் பாருங்கள். 1906 மாடலில் அங்கே அழுத்தினால் உள்ளே போகும் கிரிப் சேஃப்டி இருக்கும், பேபியில் இருக்காது. ஸ்பெயினின் எய்பார் பட்டறைகள் 1906 மாடலைப் பார்த்து எண்ணற்ற நகல்களை அடித்துத் தள்ளின. அவற்றில் நல்லவையும் உண்டு, மெல்லிய எஃகில் அவசரமாகச் செய்தவையும் உண்டு.

அதே பிரௌனிங்கின் கோல்ட் 1903 பாக்கெட் ஹேமர்லெஸ், எனக்குத் தெரிந்து இந்த வகையில் மிக அழகாக இழைத்தது. பெயர்தான் ஹேமர்லெஸ். உள்ளே சுத்தியல் உண்டு, ஸ்லைடு அதை மறைத்திருக்கிறது. .32 காலிபரில் 1903-லும் .380 காலிபரில் 1908-லும் வந்தது. அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல்களுக்கு வழங்கப்பட்ட பிஸ்டல் இது. 1910-ல் வந்த எஃப்.என். மாடலில் பிரௌனிங் இன்னொரு உத்தியைக் கையாண்டார். ஸ்பிரிங்கைக் குழலுக்கு மேலேயோ கீழேயோ வைக்காமல் குழலைச் சுற்றியே மாட்டினார். அதனால் ஸ்லைடு உருண்டு மெலிந்தது. பின்னால் வந்த எத்தனையோ பிஸ்டல்களுக்கு அதுவே வழியானது. இதைப் பிரிக்கும்போது முன்னாலுள்ள வளையத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே திருப்புங்கள். விட்டால் ஸ்பிரிங்கோடு சேர்ந்து முகத்துக்கு நேரே பாயும்.

இரண்டாவது குடும்பம் வால்தர். 1929-ல் பிபி, அதன் பின்னாலேயே குட்டையான பிபிகே. முதல் டிரிகர் இழுப்பிலேயே சுத்தியலைத் தூக்கி விடும் டபுள் ஆக்‌ஷன் முறையைப் பாக்கெட் பிஸ்டலில் வெற்றிகரமாக நிலைநிறுத்தியது இந்த ஜோடிதான். போருக்குப் பிறகு வால்தர் ட்சேலா-மேலிஸ் ஊரை இழந்து உல்ம் நகரில் மறுபடி தொடங்கியது. இடைக்காலத்தில் பிரான்சின் மான்யூரின் நிறுவனம் இவற்றைச் செய்தது. உல்ம் முத்திரை உள்ள பலவற்றிலும் பாகங்களைச் செய்தது மான்யூரின்தான். சோவியத் யூனியன் 1951-ல் ஏற்றுக்கொண்ட மக்கரோவ் பிஸ்டலும் இந்த வழியில் வந்ததே. பிரிக்கும் முறையும் அப்படியே: டிரிகர் வளையத்தைக் கீழே இழுத்துச் சற்றுப் பக்கவாட்டில் ஒதுக்கி வைத்து, ஸ்லைடைப் பின்னால் இழுத்து மேலே தூக்க வேண்டும். மக்கரோவைச் சேர்க்க நினைத்தால் கிழக்கு ஜெர்மனியில் செய்ததைத் தேடுங்கள். அதன் இழைப்பு மற்றவற்றைவிட ஒரு படி மேல்.

1968-ல் அமெரிக்கா கொண்டுவந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த இரண்டு குடும்பங்களையும் தொட்டது. இறக்குமதியாகும் கைத்துப்பாக்கிகளின் அளவுக்கும் எடைக்கும் மதிப்பெண் போட்டார்கள். பிபிகே தேறவில்லை. உடனே வால்தர், பிபியின் உயரமான ஃபிரேம் மேல் பிபிகேயின் ஸ்லைடையும் குழலையும் வைத்து பிபிகே/எஸ் என்று அனுப்பியது. பேபி பிரௌனிங்குக்கு அந்த வழியும் இல்லை. அந்த இடத்தை நிரப்ப அமெரிக்காவிலேயே பாவர் என்ற நிறுவனம் அதைத் துருப்பிடிக்காத எஃகில் செய்து விற்றது. அலமாரியில் பிபிகே, பிபிகே/எஸ், பேபி, பாவர் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு சட்டத்தின் வரலாறே கண்முன் நிற்கும். எனக்கு இப்படிப்பட்ட தொகுப்புகள்தான் பிடிக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரெட்டா 1934 முரட்டு எளிமை, சில பாகங்களே, அசையாத உறுதி. சாவர் 38 எச், சுத்தியலை இறக்கவும் ஏற்றவும் தனி நெம்புகோல் கொண்ட புத்திசாலித்தனமான வேலை. ஜான் பெடர்சன் வடிவமைத்த ரெமிங்டன் 51-ஐக் கையில் பிடித்தால் கீழே வைக்க மனம் வராது. பிற்காலத்தில் சீகேம்ப் எல்.டபிள்யூ.எஸ். 32: முழுதும் துருப்பிடிக்காத எஃகு, மேலே குறிபார்க்கும் முள்கூட இல்லை.

படி 5: ஒப்பிடுவது

நீளத்தையும் எடையையும் மட்டும் பார்த்தால் தவறான முடிவுக்கு வருவீர்கள். எண்களை வைத்துத் தொடங்கலாம், அங்கேயே நிற்கக் கூடாது. பேபி பிரௌனிங் சுமார் 104 மி.மீ. நீளம், 275 கிராம். சீகேம்ப் ஏறக்குறைய அதே நீளம், 108 மி.மீ.; ஆனால் அது .32 காலிபரைச் சுடுகிறது, எடை சுமார் 325 கிராம். பிபிகே 155 மி.மீ., சுமார் 590 கிராம். பெரெட்டா 1934 பிபிகேயைவிட நீளத்தில் சற்றுக் குறைவு, எடையில் 660 கிராம். மக்கரோவ் 730 கிராம். கோல்ட் 1903 சுமார் 170 மி.மீ. நீளம், ஆனால் தட்டையாக இருப்பதால் இவற்றில் பலவற்றைவிடச் சட்டைப் பைக்குள் நன்றாக அடங்கும்.

தடிப்பை அளவெடுக்கும்போது காலிப்பர் என்ற அளவுகோலை மூன்று இடத்தில் வையுங்கள்: ஸ்லைடு, பிடியின் தடிப்பான இடம், சேஃப்டி நெம்புகோல் துருத்தும் இடம். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் இயக்கம். இவற்றில் பெரும்பாலானவை ப்ளோபேக் முறை. குழல் ஃபிரேமில் நிலையாக இருக்கும், ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் அழுத்தமும் மட்டுமே வெடிப்பின் பின்னுதைப்பைத் தடுத்து நிறுத்தும். அதனால்தான் .380 காலிபர் பிபிகேயின் ஸ்லைடை இழுக்க இவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது. சுடும்போது அந்த உதை கையில் சுருக்கென்று தெரிவதும் அதனால்தான். கனமான எஃகு ஃபிரேம் அந்த உதையில் கொஞ்சத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். பெரிய கைக்காரர்களுக்கு பிபிகேயின் ஸ்லைடு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையைக் கீறிவிடுவதும் உண்டு. பிபிகேயின் பிடியில் பின்பக்கம் எஃகு இல்லை, சுற்றி வரும் பிளாஸ்டிக்கே முதுகாகிறது. பிபியிலும் பிபிகே/எஸ்ஸிலும் முதுகு எஃகு. படத்தில் பார்த்துத் தெரியாத இந்த வித்தியாசத்தைக் கை உடனே சொல்லிவிடும்.

காலிபர் பெயர்களில் ஒரு எச்சரிக்கை. 6.35 என்பதும் .25 ஏசிபி என்பதும் ஒன்று, 7.65 என்பதும் .32 ஏசிபி என்பதும் ஒன்று, 9 மி.மீ. குர்ட்ஸ், கோர்ட்டோ, ஷார்ட், .380 எல்லாம் ஒன்று. ஆனால் மக்கரோவின் 9 மி.மீ. வேறு. அதன் குண்டின் விட்டம் சுமார் 9.27 மி.மீ., .380-ஐவிடப் பெரியது. ஸ்லைடில் 9 மி.மீ. என்று கண்டதும் ஏதோ ஒரு தோட்டாவைத் தேடி எடுக்காதீர்கள்.

படி 6: மேற்பரப்பைப் படிப்பது

நான் முதன்முதலில் வாங்கிய பிபிகே கண்ணாடி போல மின்னியது. போர்க்காலக் கடைசி வருஷத்துப் பிஸ்டல், இவ்வளவு நன்றாகப் பிழைத்திருக்கிறதே என்று மகிழ்ந்துபோனேன். வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. 1944, 45-ல் வால்தர் செய்தவற்றில் வெட்டுக்கருவி ஓடிய கோடுகள் அப்படியே தெரியும். மெருகூட்ட அன்று அவர்களுக்கு நேரமில்லை. என்னுடையதில் ஒரு கோடுகூட இல்லை. யாரோ தேய்த்து மறுபடி கருநீலம் ஏற்றியிருந்தார்கள். விற்றவர் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ப்ளூயிங் என்பது மேலே பூசும் வண்ணம் அல்ல. எஃகின் மேல்தோலையே வேதிவினையால் கருநீல ஆக்சைடாக மாற்றுவது. மறுபடி ஏற்ற வேண்டுமானால் பழையதை நீக்கித் தேய்க்க வேண்டும். தேய்த்தால் உலோகம் போகும், அது திரும்ப வராது. தடயம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு நீளமான குழல்விளக்குக்குக் கீழே நின்று, ஸ்லைடின் தட்டைப் பக்கத்தில் விளக்கின் பிம்பம் விழும்படி பிடியுங்கள். பிஸ்டலை மெதுவாகச் சாயுங்கள். தொழிற்சாலை மெருகில் அந்த வெளிச்சக்கோடு வளையாமல் நேராக ஓடும். பட்டறையில் தேய்த்ததில் அது தண்ணீரில் தெரிவது போல நெளியும். அடுத்து, திருகுத் துளைகளின் விளிம்பு. கூர்மையாக இருந்தால் நல்லது. சின்னக் கிண்ணம் போலக் குழிந்திருந்தால் தேய்ப்புச் சக்கரம் அங்கே போயிருக்கிறது. அதற்கும் அடுத்து எழுத்துகள். லென்ஸ் வைத்து ஓரத்தைப் பாருங்கள். பொறித்த எழுத்தின் ஒரு கால் ஆழமாகவும் மறு கால் மங்கியும் இருந்தால் சந்தேகப்படுங்கள். கருநீலத்தில் ஊதாச் சாயல் தெரிந்தாலும் கேள்வி எழ வேண்டும், ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

உரிமையாளர் சம்மதித்தால் பிடித் தகடுகளைக் கழற்றிப் பாருங்கள். திருகின் பள்ளத்துக்கு மிகச்சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே ஒரு தழும்பைச் சேர்த்துவிடுவீர்கள். தகட்டுக்கு அடியில் துரு அரித்த குழிகள் பல வருஷமாக ஒளிந்திருக்கும். பிபிகேயின் சுற்றுப் பிடி திருகுத் துளை அருகே எளிதில் விரிசல் விடும். ஜெர்மனியின் ஓர்ட்கீஸ் பிஸ்டல்கள் பலவற்றின் பிடியில் வெளியே திருகே தெரியாது. உள்ளே இருக்கும் பிடிப்பை அறியாமல் நெம்பினால் மரம் பிளக்கும்.

நேர்மையான தேய்மானத்தைக் கண்டு பயப்படாதீர்கள். ஸ்லைடின் முனையிலும் பிடியின் முன்பக்கத்திலும் உறைக்குள் போய்வந்து வெளுத்த ஒரு பிஸ்டலை, பளபளக்க மறுமெருகிட்ட இரண்டுக்கு ஈடாக நான் எடுத்துக்கொள்வேன்.

படி 7: எண்களும் முத்திரைகளும்

ஸ்லைடு, ஃபிரேம், குழல் எதிலெல்லாம் அந்தத் தயாரிப்பாளர் எண் போட்டார் என்பதை முதலில் அறிந்துகொண்டு, அவை ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மேகசினை மறக்காதீர்கள். அசல் மேகசின் இல்லாத பாக்கெட் பிஸ்டலைத் தேடி முழுமையாக்குவது சில சமயம் பிஸ்டலைத் தேடுவதைவிடக் கடினம்.

பிஸ்டலைச் சுட்டுச் சோதித்த அரசுச் சோதனைக்கூடங்களின் முத்திரைகள் காலத்தைச் சொல்லும். ஜெர்மனியில் 1940 வரை கிரீடத்துக்குக் கீழே ஒரு ‘என்’ எழுத்து, அதற்குப் பிறகு கழுகுக்குக் கீழே அதே எழுத்து. போருக்குப் பிந்தைய உல்ம் சோதனைக்கூடத்தின் அடையாளம் மான்கொம்பு. அதன் பக்கத்தில் வரும் இரண்டு எழுத்து, வருஷம். ஏ என்றால் 0, பி என்றால் 1, இப்படியே ஜே-யை விட்டுவிட்டு கே என்றால் 9. ஆக ஜி, எஃப் என்று இருந்தால் 65. பெரெட்டா 1934-ல் இன்னும் சுவாரசியம். போர்க்காலம் வரை செய்தவற்றில் சாதாரண ஆண்டோடு, முசோலினி ஆட்சியின் ஆண்டும் ரோமன் எண்ணில் இருக்கும். 1937 பக்கத்தில் XV (15) என்று.

போலி முத்திரைகள் அதிகம் புழங்குவது ஜெர்மன் பிஸ்டல்களில்தான். நாஜிக் கட்சித் தலைவர்களுக்கு வழங்கியதாகச் சொல்லப்படும் கழுகு பொறித்த பிபிகே பிடிகளில் போலிகள் மலிந்து கிடக்கின்றன. பிடியை மாற்ற ஒரே ஒரு திருகு போதும் என்பதை நினைவில் வையுங்கள்.

படி 8: கதைக்கு ஆதாரம்

ஒவ்வொரு விற்பவரிடமும் ஒரு கதை இருக்கும். சரயேவோவில் 1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட பிஸ்டலைப் பற்றிப் பல காலம் புத்தகங்களில் எஃப்.என். 1900 என்று தவறாக எழுதிவந்தார்கள். அது எஃப்.என். 1910, .380 காலிபர், எண் 19074. இயேசு சபையினரிடம் கிடந்து 2004-ல் வியன்னாவின் ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வந்தது. உலகமே அறிந்த ஒரு பிஸ்டலுக்கே மாடல் பெயர் மாறிப்போனது என்றால், தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது என்ற பேச்சுக்கு நாம் எவ்வளவு கொடுக்கலாம்? எண் எழுதிய கடிதம், ராணுவச் சான்று, தொழிற்சாலை ஆவணக் கடிதம் இருந்தால் அதற்குத் தனி மதிப்பு. கோல்ட் நிறுவனம் பழைய பிஸ்டல்களுக்குத் தன் பதிவேட்டிலிருந்து அப்படிக் கடிதம் தருகிறது. காகிதம் இல்லாவிட்டால் உலோகத்துக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

படி 9: வைத்துக் காப்பது

தோல் உறை அழகுதான், ஆனால் பிஸ்டலை அதற்குள் வைத்து மூடிவிடாதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட ரசாயனமும் எஃகைத் தின்னும். உறையைத் தனியாக, பிஸ்டலைத் தனியாக வையுங்கள். பஞ்சு மெத்தை போட்ட பெட்டியும் நீண்ட காலத்துக்கு ஆகாது. சிலிக்கா ஜெல், ஈரப்பதமானி, பூட்டிய எஃகு அலமாரி இருந்தால் போதும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிற்கட்டும்.

காட்டியவர்கள் கையெல்லாம் பட்ட பிறகு அன்றே துடையுங்கள். வியர்வை உப்பு ஓர் இரவில் ரேகையைத் துருவாக எழுதிவிடும். மெல்லிய எண்ணெய், இல்லையென்றால் அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு, ஏதாவது ஒன்று மெல்லிய படலமாக. துருப்பிடிக்காத எஃகுக்கும் இது பொருந்தும், பெயரை நம்பி விட்டுவிடாதீர்கள். பழைய கடின ரப்பர் பிடிகள் வெயில் பட்டால் பழுப்பேறும், கீழே விழுந்தால் உடையும். எண்ணெயை அவற்றின் மேல் பூச வேண்டாம்.

சுட்டுப் பார்க்க ஆசை இருந்தால், துப்பாக்கி பழுதுபார்க்கும் நிபுணரிடம் காட்டி, ஸ்பிரிங்கைப் புதிதாக மாற்றிச் சுடுங்கள். ப்ளோபேக்கில் ஸ்லைடை நிறுத்தும் வேலையில் பாதி அதனுடையது. தளர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் ஸ்லைடு ஃபிரேமை இடிக்கும், விரிசல் அங்கே தொடங்கும். கழற்றிய பழைய ஸ்பிரிங்கை எறியாதீர்கள். சீரியல் எண்ணும் தேதியும் எழுதிய உறையில் போட்டு, பிஸ்டலின் காகிதங்களோடு வையுங்கள். அடுத்து அதை வாங்கப்போகிறவர் அதையும் கேட்பார்.